எலும்பு தின்னும் செல்லை எண்ணிய வருடங்கள்

ஐந்தாம் நாள் சாயங்காலம் பிளேட்டை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுப்போம். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் தொண்ணூற்றாறு குழிகள். ஆய்வகத்தில் வெல் என்போம். மீடியத்தை உறிஞ்சிவிட்டு, செல்களை ஃபார்மலினில் பத்து நிமிடம் நிறுத்தி, கழுவி, ட்ராப் சாயத்தை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு மைக்ராஸ்கோப்பில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறும். நாவல்பழச் சாறு துணியில் ஊறுவதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊறும்.

அந்தச் சிவப்புதான் ஆஸ்டியோகிளாஸ்ட், எலும்பைத் தின்னும் செல். தனித்தனியாகத் திரிந்துகொண்டிருந்த பத்து, இருபது செல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே உடம்பாக ஆனது. கல்லில் வீசி ஊற்றிய ரவா தோசைபோல் ஓரம் கிழிந்து பரந்து கிடக்கும். நடுவே உட்கருக்கள் மாதுளை முத்துகளாக நெருங்கியிருக்கும். மூன்று உட்கருவோ அதற்கு மேலோ இருந்தால் எண்ணலாம். இரண்டுதான் என்றால் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இது.

இருபத்தெட்டு வருடம் நான் இதை எண்ணியிருக்கிறேன். செடிச்சாறு ஊற்றிய வெல்லில் ஆஸ்டியோகிளாஸ்ட் குறைகிறதா என்று பார்ப்பதுதான் அதில் பெரும்பகுதி வேலை. முதல் சில வருடங்கள், சிவப்பு குறைந்தால் சந்தோஷப்பட்டேன். பிறகு, சிவப்பு குறைந்தால் அன்றிரவு தூக்கம் வராத ஆளாக மாறினேன். அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

தொழில் கற்றது ஜப்பானில். 1996-இல் முனைவர் பட்டம் முடித்த கையோடு டோக்கியோ போனேன். அப்போது ஆஸ்டியோகிளாஸ்ட் ஒன்றை உருவாக்குவதே பெரிய காரியம். பிறந்து ஓரிரு நாளான எலிக்குஞ்சின் மண்டையோட்டிலிருந்து எலும்பு கட்டும் செல்களைப் பிரித்தெடுக்க வேண்டும். வளர்ந்த எலியின் மஜ்ஜையை இன்னொரு பக்கம் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே வெல்லில் சேர்த்து, வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவத்தைச் சொட்டுவிட்டு, ஆறேழு நாள் பொறுக்க வேண்டும். ஷோவா பல்கலைக்கழகத்தில் தத்சுவோ சுதாவின் குழு 1988-இல் தந்த முறை அது. எலும்பு கட்டும் செல் பக்கத்தில் இல்லாவிட்டால் எலும்பு தின்னும் செல் பிறக்கவே பிறக்காது. கட்டுகிறவன் தொட்டால்தான் இடிக்கிறவன் உருவாகிறான். ரோடனும் மார்ட்டினும் 1981-லேயே இதை ஊகித்து எழுதியிருந்தார்கள். ஆனால் தொடும்போது என்ன கைமாறுகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஆசிரியர், அங்கே சென்செய் என்பார்கள், எண்ணிக்கை விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர். ஒரே பிளேட்டை இரண்டு பேர் எண்ண வேண்டும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியக்கூடாது. எந்த வெல்லில் என்ன ஊற்றியது என்பது இரண்டு பேருக்குமே தெரியக்கூடாது. மூன்றாவது ஆள் மூடியின்மேல் தாள் ஒட்டி மறைத்துவிடுவார். முதல் மாதம் என் எண்ணும் பக்கத்து மேசைக்காரர் எண்ணும் ஒத்தே வரவில்லை. இரண்டு உட்கருவை நான் மூன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கோபிக்கவில்லை. மறுபடி எண்ணச் சொன்னார்கள், அவ்வளவுதான். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாடங்களிலேயே விலை மதிப்பானது அந்த மறுபடி எண்ணுதல்.

நான் அங்கே இருந்தபோதுதான் அந்தக் கைமாறும் பொருள் பிடிபட்டது. 1997-இல் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனமும் ஜப்பானின் ஸ்னோ பிராண்ட் பால் நிறுவனமும் தனித்தனியே ஒரே புரதத்தில் போய் முட்டின. ஆஸ்டியோகிளாஸ்ட் பிறப்பதைத் தடுக்கும் புரதம் அது. மறு வருடம், அது எதைப் பிடித்துத் தடுக்கிறது என்று தேடிய இரண்டு குழுக்களும் ரேங்க்-எல் என்ற புரதத்தைக் கண்டன. கட்டும் செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். மஜ்ஜை செல் அதைத் தொட்டால் எலும்பு தின்னியாக மாறத் தொடங்கும்.

அந்தச் செய்தி எங்கள் மேசைக்கு வந்ததும் வேலையே வேறாகிவிட்டது. மண்டையோடு வேண்டாம், வைட்டமின் டி வேண்டாம். எலியின் தொடையெலும்பை இரண்டு முனையிலும் நறுக்கி, மெல்லிய ஊசியை உள்ளே விட்டு மீடியத்தை ஒரு தள்ளு தள்ளினால் இளஞ்சிவப்பாக நூல்போல் மஜ்ஜை வெளியே விழும். எலும்பு வெறும் வெள்ளைக் குழாயாக நிற்கும். அந்த மஜ்ஜை செல்லோடு எம்-சிஎஸ்எஃப், ரேங்க்-எல் என்ற இரண்டு புரதங்களை மட்டும் சேர்த்தால் ஐந்தாம் நாள் சிவப்பு ரெடி. மஜ்ஜைகூட வேண்டாம் என்றால், பாட்டிலில் வளரும் ரா என்ற எலி செல்வழி இருக்கிறது. அதற்கு ரேங்க்-எல் மட்டும் போதும். சில ஆய்வகங்களின் கைத்தொழிலாக இருந்தது சில வருடங்களில் உலகத்துக்கே பொதுவாகிவிட்டது. உடனே எல்லோரும் கேட்ட கேள்வி: இந்த வெல்லில் எதைப் போட்டால் சிவப்பு குறையும்? ஆசியாவில் நாங்கள் எல்லோரும் கையில் எடுத்தது செடி.

2001-இல் சென்னைக்குத் திரும்பினேன். எந்தச் செடி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரண்டை. எங்கள் ஊரில் எலும்பு முறிந்தால் பிரண்டையை அரைத்துப் பற்றுப் போடுவார்கள். வடக்கே இதற்கு ஹட்ஜோடு, எலும்பைச் சேர்ப்பது, என்றே பெயர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் 1960-களின் தொடக்கத்திலேயே எலிகளில் முறிவை உண்டாக்கி, கதிரியக்கக் கால்சியம் கொடுத்து, பிரண்டையால் முறிவு எப்படிக் கூடுகிறது என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆக, வீட்டு அறிவும் ஆய்வு அறிவும் இரண்டும் முன்னால் இருந்தன.

ஆனால் அப்போது நான் யோசிக்காத ஒன்று உண்டு. முறிந்த எலும்பு கூடுவது வேறு, வயதானவர்களின் எலும்பு தேய்வது வேறு. முறிவு கூடும்போது முதலில் கரடுமுரடாக ஒரு கட்டு வளர்கிறது. அதைச் செதுக்கிச் செதுக்கிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது ஆஸ்டியோகிளாஸ்ட்தான். அந்தச் செல்லே பிறக்காமல் பிரண்டை தடுக்குமானால், முறிவுக்கு அது அவ்வளவு நல்ல மருந்தாக இருக்க முடியாது. பற்றுப் போட்ட ஊர்ப் பாட்டிகள் கேட்ட கேள்வி ஒன்று. நான் வெல்லில் கேட்ட கேள்வி வேறொன்று. இதை உணர எனக்குச் சில வருடங்கள் ஆயின.

பிரண்டையைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். கணுவை நறுக்கி, நான்கு ஓரத்து நாரையும் உரிப்பதற்குள் கை அரிக்கத் தொடங்கிவிடும். ஊசிபோன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் தோலில் குத்துவதால் வரும் அரிப்பு அது. எண்ணெய் தடவிக்கொள்வோம். துவையலுக்குப் புளி வைப்பதும் வதக்குவதும் தொண்டையை அதிலிருந்து காப்பாற்றத்தான். ஆய்வகத்தில் கையுறை போட்டுக்கொண்டு முதல் கட்டுப் பிரண்டையை நறுக்கினோம். கஷாயமாகத்தானே குடிக்கிறார்கள் என்று தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கினோம்.

முதல் பிளேட்டில் சிவப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. என்னோடு இருந்த மாணவி மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "மேடம், நீங்களே வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரல் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

செல் செத்துப்போயிருந்தாலும் சிவப்பு வராது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உயிருள்ள செல் எம்டிடி என்ற மஞ்சள் பொருளை ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு உயிர் என்று கணக்கு. எங்கள் வெல்களில் ஊதா நன்றாகவே வந்தது. செல் உயிரோடு இருக்கிறது, ஆஸ்டியோகிளாஸ்ட் மட்டும் பிறக்கவில்லை என்று எழுதிக்கொண்டோம். எழுதி மூன்று வாரம் கழித்து, வேறொரு காரணத்துக்காக, செல்லே போடாத வெல்லில் சாற்றையும் எம்டிடியையும் ஊற்றிவைத்திருந்தோம். அதுவும் ஊதாவானது! செடியில் இருக்கும் பாலிஃபீனால்கள் தாங்களாகவே எம்டிடியை மாற்றிவிடுகின்றன. செத்த செல்லின்மேல் உயிர் இருப்பதாகச் சாறு பொய்ச்சாட்சி சொல்லும். அன்றிலிருந்து சாற்றைக் கழுவி எடுத்த பிறகே எம்டிடி ஊற்றினோம். கூடவே, செல்களைக் கண்ணால் எண்ணுவதையும் கட்டாயமாக்கினோம். மறுபடி செய்தபோது, அதிக அளவு சாறு ஊற்றிய வெல்களில் செல் செத்துத்தான் போயிருந்தது. அளவைக் குறைத்தோம். குறைந்த அளவிலும் சிவப்பு குறைந்தது, செல்லும் உயிரோடு இருந்தது. நிம்மதியாக இருந்தது.

அடுத்து நடந்தது இன்னும் கடினமானது. சாற்றை எந்த நாளில் ஊற்றினால் வேலை செய்கிறது என்று பார்க்க முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று வெவ்வேறு வெல்களில் ஊற்றினோம். ரேங்க்-எல்லோடு சேர்த்து முதல் நாளே ஊற்றினால் ஆஸ்டியோகிளாஸ்ட் குறைந்தது. மூன்றாம் நாள் ஊற்றினால் சாறு இல்லாத வெல்லைவிட அதிகமானது. ஒரே சாறு, ஒரு நாள் தடுக்கிறது, இன்னொரு நாள் தூண்டுகிறது. நாலைந்து முறை திருப்பிச் செய்தும் அதே பதில். பிரண்டையில் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கின்றன, ஒன்று தொடக்கத்திலும் மற்றது முடிவிலும் வேலை செய்கிறது என்று ஒரு விளக்கம் தயார் செய்தேன். கட்டுரையின் முதல் வரைவும் எழுதி முடித்துவிட்டேன். மாணவி சிவப்புப் படங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள்.

அனுப்பும் முன் டோக்கியோ சென்செய்க்கு ஒரு பிரதி அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. எண்டோடாக்சின் இருக்கிறதா என்று பார்த்தாயா, பாலிமிக்சின் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டிருந்தார்.

எண்டோடாக்சின் என்பது சில வகை பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் பொருள். பாக்டீரியா செத்தாலும் அது சாகாது. கொதிக்கவைத்தாலும், ஆட்டோகிளேவில் வைத்தாலும், கிருமி வடிகட்டியில் விட்டாலும் போகாது. அது புதிய மஜ்ஜை செல்லின்மேல் பட்டால் ஆஸ்டியோகிளாஸ்ட் பிறப்பது குறையும். ரேங்க்-எல் ஏற்கெனவே தொட்டு மாறத் தொடங்கிவிட்ட செல்லின்மேல் பட்டால் அதிகமாகும். நான் பிரண்டையின் இரட்டைக் குணம் என்று எழுதியது அப்படியே எண்டோடாக்சினின் குணம். முந்தின வருடம், 2002-இல், இது அச்சிலேயே வெளிவந்திருந்தது. நான் படித்திருக்கவில்லை.

குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பொருளால் எண்டோடாக்சினைச் சோதிப்பார்கள், இருந்தால் கட்டிக்கொள்ளும். எங்கள் சாறு கட்டிக்கொண்டது. செடியைக் கழுவிய தண்ணீர், ஆய்வகத்தில் கேனில் நாள்கணக்கில் நின்ற வாலைவடிநீர், இரண்டுமே கட்டிக்கொண்டன. எண்டோடாக்சினைப் பிடித்துவைக்கும் பாலிமிக்சினைச் சேர்த்து மறுபடி பிளேட் போட்டோம். தூண்டும் குணம் முழுக்கப் போய்விட்டது. தடுக்கும் குணத்தில் கால்வாசிதான் மிஞ்சியது.

அந்தக் கால்வாசிதான் பிரண்டை. அதை வைத்துத்தான் பிறகு ஒரு நேர்மையான கட்டுரை எழுதினோம். தண்ணீர்ச் சாற்றைக் கைவிட்டு, எத்தனால் சாறு எடுத்து, அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றரை வருடம் கூடுதலாகப் பிடித்தது. மாணவியின் ஃபெல்லோஷிப் நடுவில் முடிந்துபோய் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வந்தாள். இதை நான் மறந்ததே இல்லை. செடிச்சாறும் ஆஸ்டியோகிளாஸ்ட்டும் பற்றி எந்தக் கட்டுரை கையில் வந்தாலும் நான் முதலில் தேடுவது எண்டோடாக்சின் என்ற சொல்லைத்தான். பெரும்பாலும் அது இருப்பதில்லை.

செல் குழி தோண்டுகிறதா என்று பார்ப்பதையும் அந்தச் சமயத்தில்தான் தொடங்கினோம். பிளாஸ்டிக்கில் ஆஸ்டியோகிளாஸ்ட்டுக்குத் தின்ன ஒன்றும் இல்லை. உண்மையில் தின்கிறதா என்று தெரிய, எலும்புச் சீவலின்மேல் அதை வளர்க்க வேண்டும். ஜப்பானில் யானைத் தந்தத்தில் மெல்லிய சீவல்கள் கொடுப்பார்கள். நாங்கள் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து எருமைத் தொடையெலும்பு வாங்கினோம். வைரத்தூள் பதித்த வட்ட ரம்பத்தில் காகித கனத்துக்குச் சீவி, ஆல்கஹாலில் போட்டு வைத்தோம். செல்லைத் தேய்த்து எடுத்துவிட்டு நீலச்சாயம் போட்டால், மழைக்குப் பிறகு களிமண் தரையில் கோழி கிளறிய தடம்போல் குழிகள் தெரியும். எண்ணிக்கை குறையாமல் குழி மட்டும் குறைந்த சாறுகளைப் பார்த்தேன். எண்ணிக்கை பாதியாகி, மிஞ்சிய செல்கள் இரண்டு மடங்கு தின்றதையும் பார்த்தேன். சிவப்பை மட்டும் எண்ணியிருந்தால் இரண்டுமே தெரிந்திருக்காது.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2004-இல் குர்குமின் ஆஸ்டியோகிளாஸ்ட்டைத் தடுக்கிறது என்ற கட்டுரை வந்ததிலிருந்து ஒவ்வொரு மாணவரும் மஞ்சளைக் கேட்டார்கள். செய்து பார்த்தோம், தடுக்கத்தான் செய்தது. ஆனால் காலையில் ஊற்றிய மஞ்சள் நிறம் மறுநாள் வெளுத்திருக்கும். சீரம் இல்லாத நீரில், உடம்பின் சூட்டில், அரை மணி நேரத்தில் குர்குமினில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். பத்து சதவிகிதம் சீரம் இருந்தால் எட்டு மணி நேரத்தில் பாதி. அப்படியானால் ஐந்து நாளும் வேலை செய்தது குர்குமினா, அது சிதைந்து உண்டான வேறொன்றா? அதோடு, நாங்கள் வெல்லில் ஊற்றும் அளவு ரத்தத்தில் வரவே வராது. கிராம் கணக்கில் விழுங்கினாலும் குடலும் ஈரலும் விடுவதில்லை. பெங்களூரில் 1998-இல் மிளகின் பைப்பரினோடு சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். நம் சமையலில் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே வருவது எனக்கும் பிடித்த விஷயம்தான். ஆனால் மிகச் சிறிய எண்ணை இருபதால் பெருக்கினாலும் சிறிய எண்ணாகவே இருக்கிறது.

வெங்காய வேலையை நான் மாணவர்களுக்கு முன்னுதாரணமாகச் சொல்வேன். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மியூல்பாவரும் லீயும் வெல்லில் தொடங்கவில்லை, எலியில் தொடங்கினார்கள். எலியின் எலும்பில் அடையாளப் பொருளைப் படியவைத்து, எலும்பு கரையக் கரைய அது சிறுநீரில் வருவதை அளந்தார்கள். காய்ந்த வெங்காயம் நாளுக்கு ஒரு கிராம் கொடுத்தால் கரைவது குறைந்தது. 1999-இல் அதை வெளியிட்டார்கள். பிறகு வெங்காயத்தைப் பிரித்துப் பிரித்து, ஆஸ்டியோகிளாஸ்ட் தின்பதைக் குறைக்கும் ஒரு சிறு மூலக்கூறை 2005-இல் காட்டினார்கள். செல்லில் பார்த்தது எலிக்குப் பிறகுதான். முதலில் உடம்பு, பிறகுதான் செல்லும் பொருளும். நாங்கள் எல்லோரும் தலைகீழாக நடந்துகொண்டிருந்தோம்.

தலைகீழாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இப்ரிஃப்ளேவோன் இருக்கிறது. தாவர ஐசோஃபிளேவோனை ஒட்டிச் செயற்கையாகச் செய்த பொருள். செல்லில் நன்றாக இருந்தது, எலியில் நன்றாக இருந்தது. ஐரோப்பாவில் மாதவிடாய் நின்ற 474 பெண்களுக்கு மூன்று வருடம் கொடுத்துப் பார்த்து 2001-இல் முடிவு வந்தது. எலும்புக்கு ஒரு பலனும் இல்லை. அதைவிட, மருந்தெடுத்த பெண்களில் கணிசமானவர்களுக்கு ரத்தத்தில் நோய் எதிர்ப்புக்கான லிம்ஃபோசைட் செல்கள் குறைந்துபோயின. ரேங்க்-எல் இல்லாமல் பிறந்த எலிகளுக்கு எலும்பு கல்லாக இறுகியிருக்கும், பல் முளைக்காது, நிணநீர்க் கணுக்களும் இருக்காது என்று 1999-லேயே தெரியும். எலும்புக்கும் நோய் எதிர்ப்புக்கும் பாதை ஒன்றாகவே ஓடுகிறது. வெல்லில் மஜ்ஜை செல் மட்டுமே இருப்பதால் அந்த இன்னொரு பாதை நம் கண்ணில் படுவதே இல்லை. சோயாவும் இப்படித்தான் அலைக்கழித்தது. 2007-இல் இத்தாலியில், சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன் எடுத்த பெண்களுக்கு எலும்பு அடர்த்தி கூடியது. 2011-இல் அமெரிக்காவில் சோயா ஐசோஃபிளேவோன் இரண்டு வருடம் எடுத்த பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி என் பெரியம்மாவின் கதை.

2006-இல் எங்கள் பிரண்டைக் கட்டுரை வந்த பிறகு ஒரு நாளிதழிலிருந்து பேசினார்கள். எலி செல்லில் பார்த்தது, மனிதருக்கு இன்னும் பார்க்கவில்லை என்று இரண்டு முறை சொன்னேன். மறுநாள் பிரண்டை எலும்புத் தேய்மானத்தைத் தடுக்கும் என்று தலைப்பு வந்தது, கீழே என் பெயர். நான் சொன்ன எச்சரிக்கை கடைசி வரியிலும் இல்லை. மறுப்பு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. துறையில் எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆய்வுக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்திருந்த நேரம். இதழ்களில் இப்படித்தான் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

பெரியம்மா சிவகங்கைப் பக்கம். எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் வாரம் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டிய மாத்திரை. 2008-இல் கொல்லையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்துபோனது. பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன்.

"அத நிப்பாட்டி ஒன்றர வருசமாச்சுத்தா. பேப்பர்ல ஒம் பேரப் போட்டு எழுதியிருந்துச்சுல்ல? அதப் பாத்துட்டு நாட்டு மருந்துக் கடையில பெரண்டப் பொடி வாங்கித் திங்கிறேன். வெறும் வயித்துல அந்த மாத்திரையப் போட்டா நெஞ்சு எரியுது."

"பெரியம்மா, மாத்திரைய நிறுத்தச் சொல்லி நான் சொல்லலையே."

"நீ சொன்னா என்ன, பேப்பர்ல போட்டா என்ன? ரெண்டும் ஒண்ணுதானத்தா."

மாத்திரையை நிறுத்தியதால்தான் எலும்பு ஒடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எழுபத்திரண்டு வயதில் ஈரக் கல்லில் விழுந்தால் மாத்திரை போட்டவருக்கும் ஒடியும். ஒரே ஒரு ஆளை வைத்துக் காரணம் சொல்லக்கூடாது என்பது தொழில் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை. என் பெயர் பேப்பரில் வந்ததைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டியிருந்தார். அந்தத் துண்டுக் காகிதம் சாமி படத்துக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னால் அங்கே சாப்பிட உட்கார முடியவில்லை.

சென்னை திரும்பியதும் அந்த நாளிதழுக்கு இரண்டு வருடம் தாமதமாக ஒரு கடிதம் எழுதினேன். போடவில்லை. அதன் பிறகு யார் பேட்டி கேட்டாலும் எழுத்தில்தான் பதில் தந்தேன். முதல் வரியிலேயே, இது எலி செல், இதைப் பார்த்து யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று எழுதினேன். பல பேர் அதைப் பார்த்ததும் பேட்டியே வேண்டாம் என்றார்கள். பெரியம்மாவுக்குக் கை கூடியது. மாத்திரையை மறுபடி தொடங்கினார். பிரண்டைத் துவையலையும் விடவில்லை. விடச் சொல்ல எனக்கும் மனமில்லை. சோற்றில் பிசைந்து சாப்பிட நல்ல துவையல் அது.

2010-இல் ரேங்க்-எல்லையே பிடித்துக் கட்டும் டெனோசுமாப் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. பன்னிரண்டு வருடம் முன்பு மேசைமேல் வந்த செய்தி மருந்தாகிவிட்டது. செடி வேண்டாமோ என்று ஆய்வகத்தில் சிலர் கேட்டார்கள். பிறகு அந்த ஊசியை நிறுத்தியவர்களுக்கு எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பு நொறுங்குவது தெரியவந்தது. அடக்கிவைத்த செல்கள் எங்கிருந்து அவ்வளவு கூட்டமாகத் திரும்பி வருகின்றன என்பது புரியவில்லை.

2021-இல் சிட்னியின் கார்வன் நிறுவனத்தில் உயிருள்ள எலியின் எலும்புக்குள்ளேயே பார்த்துப் பதில் சொன்னார்கள். தின்று முடித்த ஆஸ்டியோகிளாஸ்ட் சாவதாகவே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது சாகாமல், சிறுசிறு செல்களாகப் பிரிந்து போகிறது. தேவைப்படும்போது மறுபடி ஒன்றுகூடுகிறது. ரேங்க்-எல்லைத் தடுத்தால் இந்தப் பிரிந்த செல்கள் சேரமுடியாமல் குவிந்து காத்திருக்கின்றன. தடை நீங்கியதும் ஒன்றாகின்றன.

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் எண்ணியதெல்லாம் ஃபார்மலினில் நிறுத்திவைத்த செல்களை. சிவப்பு குறைந்த வெல்லில், ஆஸ்டியோகிளாஸ்ட் பிறக்கவில்லை என்று எழுதினோம். பிறந்து, பிரிந்து போயிருந்தால்? சாறு பிறப்பைத் தடுத்ததா, பிரிவைத் தூண்டியதா? பழைய நோட்டுகளில் அதற்குப் பதில் இல்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், கடைசி மாணவியோடு சேர்ந்து ஒரு பிளேட்டை நிறுத்தாமல் உயிரோடு வைத்துப் பார்த்தோம். மைக்ராஸ்கோப்பின் மேலேயே சூட்டுப்பெட்டி பொருத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு படம். சாயம் கிடையாது, சாம்பல் நிறத்தில் பெரிய செல்கள் மெல்லத் தவழ்வது மட்டும் தெரியும். மாலை நாலு மணிக்கு எண்ணினாள், முப்பத்தொன்று வந்தது. ஐந்தரைக்கு அவற்றில் ஒன்று நடுவில் இடுங்கி, நீண்டு, நூலாகி, இரண்டாக விலகியது. இருபுறமும் உட்கருக்கள் இருந்தன. இன்னும் இரண்டு அப்படியே போயின. ஆறு மணிக்கு எண்ணினாள், முப்பத்து நான்கு வந்தது.

"எந்த எண்ணை மேடம் நோட்டுல எழுதட்டும்?" என்றாள்.

இரண்டையும் எழுது, பக்கத்தில் நேரத்தைப் போடு என்றேன். எழுதினாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த படம் வரும்வரை இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.